மலாவி தேர்தல்: ஒயிட்னருக்காக ரத்து செய்தது சரியா?

தென்றல்வாசி:
வேறொரு இழையில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "சோற்றுக்கே வழியில்லாத ஆப்பிரிக்க நாடுகளுக்குப் பல கட்சித் தேர்தல் வெட்டிச் செலவு. மலாவியில் ஒயிட்னர் தடவியதற்காகத் தேர்தலையே ரத்து செய்தார்கள்." படித்ததும் எரிச்சல்தான் வந்தது. தடவியது பள்ளிக்கூட நோட்டில் இல்லை. 2019 அதிபர் தேர்தலின் முடிவுத் தாள்களில், வாக்கு எண்ணிக்கையின் மேல். அப்போதைய அதிபர் முத்தாரிக்கா, எதிர்க்கட்சி வேட்பாளர் சக்வேராவை முந்தியதே சுமார் 1.59 லட்சம் வாக்கில்தான்.

கணக்குப்பிள்ளை:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். கூட்டல் தப்பினால் திருத்த மாட்டார்களா? ஒயிட்னரால் எத்தனை வாக்கு மாறியது? எண்ணிக்கை சொல்லுங்கள்.

தென்றல்வாசி:
அடித்துத் திருத்தினால் பழைய எண் கண்ணுக்குத் தெரியும். ஒயிட்னர் பூசினால் அது போச்சு. அப்புறம் எந்த எண்ணிக்கையைக் கேட்கிறீர்கள்? 2020 பிப்ரவரி 3 அன்று ஐந்து நீதிபதிகள் குண்டு துளைக்காத உடுப்போடு, ராணுவக் காவலில் வந்து, அந்தத் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வாசித்தார்கள். 500 பக்கம். பாதிக்கு மேல் வாங்கினால்தான் வெற்றி என்றும் அதில் இருக்கிறது. முத்தாரிக்கா வாங்கியது 38.57 சதவீதம். ஜூனில் மறுதேர்தல் வைத்தபோது சக்வேரா 58 சதவீதத்தைத் தாண்டினார்.

ஊர்க்குருவி:
அவ்வளவு பாடுபட்டு என்ன ஆச்சு? சக்வேரா ஆட்சியில் பெட்ரோலுக்கு வரிசை. 2025-இல் அதே முத்தாரிக்காவை மக்களே திரும்பக் கூட்டி வந்துவிட்டார்கள்.

தென்றல்வாசி:
அதைத்தானே சொல்கிறேன்! பிடிக்காதவரை வீட்டுக்கு அனுப்ப முடிந்தது, அவரும் தோல்வியை ஒப்புக்கொண்டு போனார். மலாவியின் முதல் அதிபர் ஹேஸ்டிங்ஸ் பண்டா 1971-இல் ஆயுட்கால அதிபர் ஆனவர். பெண்கள் கால்சட்டை போடவே தடை. 1993 ஜூனில் மக்களிடம் கேட்டார்கள். ஒரு கட்சி ஆட்சிக்குச் சேவல் சின்னம், பல கட்சிக்கு விளக்கு. 64 சதவீதத்துக்கு மேல் விளக்குக்கு விழுந்தது. சோற்றுக்கு வழியில்லாத அந்த மக்கள் வேண்டும் என்று போட்ட ஓட்டை வெட்டிச் செலவு என்று சொல்ல நீங்கள் யார்?

கணக்குப்பிள்ளை:
சேவல் சின்னம் யாருடையது? பண்டாவின் மலாவி காங்கிரஸ். சக்வேராவும் அதே கட்சி! இதை மட்டும் நைசாக விட்டுவிட்டீர்கள். ஒயிட்னர் கேள்விக்கும் பதில் வரவில்லை.

தென்றல்வாசி:
அதே கட்சிதான், யார் மறைத்தது? ஓட்டுக் கேட்டு வந்து ஜெயித்தது, ஓட்டில் தோற்றுப் போனது. போன மாதம் ருவாண்டா இழையில் அந்நாட்டு அதிபர் ககாமே தேர்தலில் வாங்கிய 99 சதவீதத்தைப் பார்த்துக் கைதட்டியவருக்கு இது புரியாது.

கணக்குப்பிள்ளை:
ருவாண்டாவை ஏன் இழுக்கிறீர்கள்? அங்கே தெருக்கள் எவ்வளவு சுத்தம் என்றுதான் எழுதினேன்.

ஊர்க்குருவி:
இல்லை ஐயா, "தலைவன் என்றால் இவர்" என்று எழுதினீர்கள். படம் பிடித்து வைத்திருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
படம் பிடிப்பதுதான் உங்கள் வேலை. ஒயிட்னரில் எத்தனை வாக்கு? நாலாவது தடவை கேட்கிறேன்.

தென்றல்வாசி:
இரண்டாவது தடவை. எண்ணுவதில்கூட ஒயிட்னர் போடுகிறீர்கள்.