டிரைசூட்டில் மேலேறும்போது காற்று காலுக்குப் போகிறது: வழி சொல்லுங்கள்

டிரைசூட் (தண்ணீர் உள்ளே புகாத ஸ்கூபா டைவிங் உடை) நன்கு பழகியவர்களின் உதவி தேவை. சூட் டிரைலாமினேட் (மூன்று அடுக்குத் துணி) வகை, கழுத்திலும் மணிக்கட்டிலும் லேடெக்ஸ் சீல், காற்றை வெளியேற்றும் வால்வு இடது மேல்கையில். 12 மீட்டரில் ஒரு சிக்கலும் இல்லை. 6 மீட்டருக்கு மேலே வந்தால்தான் கால்கள் மிதக்கத் தொடங்கி, தலை கீழே சாய்கிறது. 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வருவதற்குள் சூட்டுக்குள் உள்ள காற்று இரண்டு மடங்காக விரியும் என்பதால், இதை அப்படியே விடப் பயமாக இருக்கிறது. காலில் சேர்ந்த காற்று கையிலுள்ள வால்வுக்கு வராது.

மேலேறும் முன்பே வால்வை முழுதாகத் திறந்து, இடது முழங்கையை உயர்த்தி, உடலை நிமிர்த்தி வைத்தும் காற்று மெதுவாகத்தான் வெளியேறுகிறது. முழங்காலை மார்போடு மடக்கி உருண்டு நிமிரும் பயிற்சி ஆகிவிட்டது. ஆனால் அது விபத்தைத் தவிர்க்கும் கடைசி வழி, தினசரித் தீர்வு அல்ல.

என் முதல் சந்தேகம் மூழ்குவதற்காகக் கட்டும் எடைமீதுதான். கூடுதலாக 2 கிலோ கட்டினால் அதை ஈடுகட்ட 2 லிட்டர் காற்று சூட்டிலோ பிசிடியிலோ (மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்றுச் சட்டை) ஏற வேண்டும். சிலிண்டரில் 50 பார் அழுத்தம் மிச்சமிருக்கும்போது, 3 மீட்டரில், பிசிடி காலியாக இருக்க எடை சரிபார்ப்பதுதான் உங்கள் முறையுமா? தடித்த உள்ளாடை வால்வின் உட்புறத்தை அடைத்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? பூட்டும் சற்றுப் பெரிது. கணுக்கால் எடை நல்லதா, காலை இறுக்கும் கெய்ட்டர் நல்லதா? எடை ஃபின் (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) அடிப்பதைச் சோர்வாக்கும் என்பதால் கெய்ட்டர் பக்கமே சாய்கிறேன். இரண்டையும் பயன்படுத்தியவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.