மறு: பந்து உருளும் புதிர் ஆட்டங்களுக்கு ஒரு சொல்

வணக்கம்.

> 'இயற்பியல்சார் பந்துருட்டுப் புதிர் நிகழ்பட விளையாட்டு' என்று வைத்துவிட்டால் எதுவும் விடுபடாது. (சென்னை நண்பர்)

> 'கோலியாட்டம்' போதும். எல்லாருக்கும் தெரிந்த சொல். (பினாங்கு ஐயா)

திரையில் பந்து உருளும் கணினிப் புதிர் ஆட்டங்களுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டதற்கு வந்த இந்த இரண்டு பதில்களையும் என் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வாரக் கடைசியில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லித்தருகிறேன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்துவிட்ட வீட்டுப் பிள்ளைகள், சிலர் இன்னும் செம்பனைத் தோட்டத்திலிருந்தே வருகிறார்கள். நெவர்பால் என்ற பந்து உருளும் கணினி ஆட்டம் இலவசம், பழைய கணினியிலும் ஓடும், அதனால் அதைத்தான் விளையாடுகிறார்கள். அதன் திரைச் சொற்களைப் பிள்ளைகளோடு சேர்ந்து தமிழாக்கிக்கொண்டிருப்பதால்தான் இந்த இழையையே தொடங்கினேன்.

சென்னை நண்பரின் பெயரை யாரும் இரண்டாம் முறை சொல்ல மாட்டார்கள். அது விளக்கம், பெயர் அல்ல. 'கோலியாட்டம்' அழகான சொல், ஆனால் அதற்கு ஏற்கெனவே ஓர் ஆட்டம் இருக்கிறது. விரலால் சுண்டி அடுத்தவன் கோலியை அடிப்பது அது. இங்கே சுண்டவும் இல்லை, அடிக்கவும் இல்லை.

என்ன பெயர் வைப்பது என்பதற்கு முன்னால், இந்த ஆட்டங்களில் கை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1984இல் அட்டாரி கேம்ஸ் வெளியிட்ட மார்பிள் மேட்னஸ் ஆட்டத்தில், ஆட்டப் பெட்டியில் பதித்த உருண்டையைக் கையால் சுழற்றினால் திரையில் இருக்கும் பந்துக்கு உந்தல் கிடைக்கும். 2004இல் வந்த பாலன்ஸ் ஆட்டத்திலும் பந்தைத்தான் தள்ளுகிறோம். காகிதம், மரம், கல் என்று பந்து மாறும். காகிதப் பந்தை விசிறிக் காற்று தூக்கிவிடும், கல் பந்து கனமான பொருளைத் தள்ளும். ஆனால் சேகாவின் சூப்பர் மங்கி பாலில் (2001) பந்தைத் தொடவே முடியாது. தரையைத்தான் சாய்க்கிறோம், பந்து அதன் போக்கில் போகிறது. நெவர்பாலும் அப்படித்தான். ஸ்வீடனின் பிரியோ நிறுவனம் 1946இல் வெளியிட்ட மரப்பெட்டி ஆட்டத்தில் பக்கத்துக்கு ஒரு குமிழைத் திருகி, பலகையைச் சாய்த்து, ஓட்டைகளில் விழாமல் எஃகுக் குண்டைக் கொண்டுபோக வேண்டும். தரை சாய்க்கும் கணினி ஆட்டங்களுக்கு அது ஒரு முன்னோடி என்று சொல்லலாம்.

ஆக, ஒரு வகையில் பந்தைத் தள்ளுகிறோம், இன்னொரு வகையில் தரையைச் சாய்க்கிறோம். இரண்டுக்கும் பொதுவானது ஒன்று உண்டு. பந்து எங்கே இருக்க வேண்டும் என்பதை நாம் தீர்மானிப்பதில்லை. விசையைக் கொடுப்பதோடு நம் வேலை முடிந்தது, மீதியைப் பந்தின் உந்தம் பார்த்துக்கொள்ளும். கையை எடுத்த பிறகும் அது ஓடும். எங்கே திரும்ப வேண்டுமோ அதற்கு வெகு முன்பே எதிர்ப்பக்கம் சாய்க்கத் தொடங்க வேண்டும். புதிரே அதில்தான் இருக்கிறது. பிள்ளைகள் முதல் நாளில் தவிப்பதும் அங்கேதான்.

இந்த வேறுபாட்டைத் தமிழ் வினையே வைத்திருக்கிறது. உருள் என்பது தன்வினை, உருட்டு என்பது பிறவினை. 'பந்துருட்டு' என்றால் முழுப் பொறுப்பும் கைக்குப் போய்விடும். அப்புறம் இன்னொரு சிக்கலும் உண்டு: இன்றைய பிள்ளைகளிடம் 'உருட்டு' என்றால் கதை விடுவது என்று பொருள். வகுப்பில் அந்தச் சொல்லை எழுதியவுடன் சிரிப்புதான்.

அதனால் நான் முன்வைப்பது: உருள்புதிர்.

உருண்ட, உருள்கின்ற, உருளும் என்று மூன்று காலத்தையும் அடக்கிய வினைத்தொகை. 667ஆம் குறளில் 'உருள்பெருந்தேர்' இருக்கிறதே, அதே அமைப்பு. பெயரில் 'இயற்பியல்' வேண்டியதில்லை. பந்தின் நகர்வைக் கணக்கிடும் நிரலுக்கு 'இயற்பியல் பொறி' என்று தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். தேடுபொறி பழகிவிட்டதால் அதுவும் பழகிவிடும்.

இதோடு இன்னும் இரண்டு சொற்களை உறுதிசெய்ய வேண்டும்: உருளல், சறுக்கல். ஆட்டத்துக்கு இது முக்கியம். சரிவில் உராய்வே இல்லாமல் சறுக்கும் பொருளுக்குக் கிடைக்கும் முடுக்கத்தில் 5/7 பங்குதான் சறுக்காமல் உருளும் திண்மக் கோளத்துக்குக் கிடைக்கும். மீதி, பந்தைச் சுழலவைப்பதில் போய்விடுகிறது. உள்ளே வெற்றிடமான, தோல் மெல்லிய கோளம் என்றால் 3/5 பங்குதான். இந்தப் பங்கு பந்தின் நிறையையோ ஆரத்தையோ பொறுத்தது இல்லை. "சார், பெரிய பால்தானே சீக்கிரம் இறங்கும்?" என்று ஒரு பையன் கேட்டான். காற்றுத் தடையை விட்டுவிட்டால், சிறியதும் பெரியதும் ஒன்றாகத்தான் இறங்கும். இதைச் சொல்லித்தர உருளலுக்கும் சறுக்கலுக்கும் வேறு வேறு சொல் கையில் இருந்தாக வேண்டும். 'வழுக்கல்' என்றும் சொல்லலாம், ஆனால் பள்ளித் திடலில் சறுக்குமரம் ஏறிய பிள்ளைக்குச் 'சறுக்கல்' உடனே விளங்குகிறது.

சில ஆட்டங்களில் பந்து உருள்வதுபோல் படம் மட்டும் சுழலும், உள்ளே கணக்கு சறுக்கலுக்கு உரியதாக இருக்கும். மார்பிள் பிளாஸ்ட் என்ற ஆட்டம் அப்படியில்லை. பந்து அந்தரத்தில் இருக்கும்போதே அதைச் சுழலவிட்டால், தரையைத் தொட்டவுடன் உராய்வு அந்தச் சுழற்சியைப் பிடித்து முன்னே தள்ளும். நல்ல ஆட்டக்காரர்கள் இதை வைத்தே நேரத்தை மிச்சம் பிடிக்கிறார்கள். இந்தச் சுழற்சிக்குத் 'தற்சுழற்சி' போதும், புதிதாக எதுவும் வேண்டாம்.

கருத்துச் சொல்லுங்கள்.
சுங்கை சிப்புட்

——

தம்பி, வணக்கம்.

உருள்புதிர் நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோலியை இப்படி வெளியே தள்ளிவிடாதீர்கள். நம் பிள்ளைகள் மலாய்ப் பிள்ளைகளோடு விளையாடும்போதும் 'குலி' என்றுதானே காதில் விழுகிறது? வழக்கில் இருக்கும் சொல்லை விட்டால் பிறகு திரும்பி வராது. ஆட்டத்துக்கு உருள்புதிர் என்று வையுங்கள். உள்ளே ஓடும் பொருள் கண்ணாடிக் குண்டாக இருந்தால் கோலி என்றே எழுதுங்கள்.

இன்னொன்று. நேரத்தோடு போட்டி போடுவது மட்டும் இருந்து, புதிரே இல்லாத ஆட்டத்தை என்ன சொல்வீர்கள்?
பினாங்கு

——

அனைவருக்கும் வணக்கம்.

ஐயா சொன்னதுபோல் கோலி இருக்கட்டும். எனக்குத் தரையைப் பற்றித்தான் கேள்வி. 'தளம்' என்றால் வலைத்தளமா, இயங்குதளமா என்று நிரல் எழுதுகிறவர்கள் குழம்புவோம். பள்ளி அறிவியலில் 'சாய்தளம்' இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளலாமா அண்ணா? ஆனால் பள்ளியில் அது அசையாத சரிவு. ஆட்டத்தில் அது நம் கைக்கு ஏற்ப ஆடுகிறது.

மற்றொரு சொல்லும் தேவை. இயற்பியல் பொறி நொடிக்கு 60 தடவை கணக்கிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் ஓடும் பந்து ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் இடையில் அரை மீட்டர் போய்விடும். சுவர் மெல்லியதாக இருந்தால், முதல் கணக்கில் பந்து இந்தப் பக்கம், அடுத்ததில் அந்தப் பக்கம். மோதல் நடந்ததே பொறிக்குத் தெரியாது. இதைத் தமிழில் எழுதும்போது நான் 'ஊடுருவல்' என்று போட்டேன், படித்தவர்கள் யாரோ கணினிக்குள் புகுந்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார்கள்.
கிள்ளான்

——

ஐயா, கோலியைச் சேர்த்துவிட்டேன். நெவர்பாலில் மட்டும் 'பந்து' என்றே விடுகிறேன், பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள். புதிர் இல்லாமல் நேரத்தோடு ஓடுவதற்கு 'உருளோட்டம்' சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது.

தங்கச்சி, சாய்தளம் மிகப் பொருத்தம். அதுவும் வினைத்தொகைதான். சாய்ந்த தளம் என்றால் பள்ளிப் பாடத்துச் சரிவு, சாயும் தளம் என்றால் நம் ஆட்டத்துத் தரை. ஒரே சொல் இரண்டையும் தாங்கும். இரு வகையையும் பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் 'சாய்தள உருள்புதிர்', 'உந்து உருள்புதிர்' என்று எழுதலாம். இரண்டாவது என் காதுக்கு இன்னும் கரடுமுரடாகத்தான் இருக்கிறது, இதைவிட நல்லது கிடைத்தால் மாற்றிவிடுவோம்.

சுவரைத் தாண்டும் பந்துக்கு 'ஊடுருவல்' வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடு. பந்து சுவரைத் துளைக்கவில்லை, சுவர் இருப்பதைப் பொறி கவனிக்கவில்லை. குறை மோதலைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. அதனால் 'மோதல் தவறல்' என்று எழுதிப் பாருங்கள். குறையை எங்கே தேட வேண்டும் என்பதையும் அந்தப் பெயரே நிரலருக்குச் சொல்லிவிடும்.

நெவர்பால் தமிழாக்கக் கோப்பில் இப்போதைக்கு இவற்றை இடுகிறேன்: உருள்புதிர், சாய்தளம், இலக்கு, காசு. 'நாணயம்' என்று முதலில் எழுதியிருந்தோம், ஆனால் இங்கே காசு என்றால்தான் பிள்ளைகள் ஓடிப்போய் எடுப்பார்கள். போதிய காசு சேர்ந்தால்தான் இலக்கு திறக்கும் என்பதால் அந்த வரியை 'இன்னும் காசு வேண்டும்' என்று முடித்திருக்கிறோம். ஆட்டத்தின் ஒவ்வொரு படிக்கும் 'கட்டம்' என்பதா 'நிலை' என்பதா என்பது மட்டும் பாக்கி. நான் 'கட்டம்' பக்கம், ஏனென்றால் 'நிலை' பந்து நிற்கும் இடத்தைச் சொல்லவும் தேவைப்படுகிறது. மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.
சுங்கை சிப்புட்