புதுப்பிப்பு: சோல்டர் புகைக்கு யன்னல் குழாய் சரிவந்தது

போன மாதம் கேட்டிருந்தேன்: கொக்குவிலில் சின்ன அறை, ஒரே ஒரு யன்னல், அரை மணித்தியாலம் சோல்டர் பிடித்தால் (ஈயக் கலவையை உருக்கி மின்பாகங்களை ஒட்டினால்) தொண்டை கரகரக்கிறது, என்ன செய்யலாம் என்று. பதில் தந்த எல்லோருக்கும் நன்றி.

முதலில் மேசை ஃபானைப் பக்கத்தில் வைத்து ஊதவிட்டேன். புகை அறைக்குள்ளேயே சுற்றியது, சோல்டர் உருக்கும் இரும்பின் நுனியும் ஆறிப்போனது. அப்புறம் பழைய கணினியில் கழற்றிய 120 மில்லிமீற்றர், 12 வோல்ட் ஃபானில் கரிப் பஞ்சு ஒட்டினேன். மணம் குறைந்தது, கரகரப்புப் போகவில்லை. கரி மணத்தைத்தான் பிடிக்கும். நுண்துகள் பஞ்சுக்குள்ளால் போய்விடும்.

கைகொடுத்தது ஒரு அண்ணை சொன்ன யோசனை: புகையை வடிக்காதே, வெளியே தள்ளு. பஞ்சை எடுத்துவிட்டு, ஃபானுக்குப் பின்னால் 4 அங்குல பிவிசி குழாய் பூட்டி யன்னலால் வெளியே விட்டேன். ஃபானின் வாய் வேலைசெய்யும் இடத்திலிருந்து ஒரு சாண் தூரம். தள்ளிவைத்தால் இழுக்காது, பார்த்துவிட்டேன்.

எதிர்பாராதது சோழகம், அதாவது தென்மேற்குக் காற்று. என் யன்னல் மேற்குப் பக்கம்; காற்று எழும்பினால் புகை முழுக்க முகத்துக்கே திரும்பியது! குழாய் முனையில் ஒரு முழங்கை (வளைந்த குழாய்த் துண்டு) பூட்டிக் கீழ்நோக்கித் திருப்பினேன், நின்றது.

ஈயம்தான் ஆவியாகிறது என்று பயந்திருந்தேன். 350 பாகை செல்சியஸில் ஈயம் ஆவியாவது மிகச் சொற்பம். தொண்டையைப் பிடிப்பது ஃபிளக்ஸில் (சோல்டர் நன்றாக ஒட்டச் சேர்க்கும் பொருளில்) இருக்கும் பிசின் புகை. ஈயம் கையில் ஒட்டும், அதனால் தேத்தண்ணிக்கு முன் சவர்க்காரம் போட்டுக் கழுவுகிறேன்.