மியாட்டாவில் ரேடார் டிடெக்டர்: என் அனுபவம், உங்களுடையதையும் எழுதுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நான் வட கரோலினாவில் ராலே பக்கம் இருக்கிறேன். வண்டி 2019 மாடல் மஸ்தா மியாட்டா, மேனுவல் கியர், கூரையை மடக்கிவிட்டு ஓட்டுகிற வண்டி. ரேடார் டிடெக்டர் என்றால், காவல்துறை வேகம் அளக்க வீசும் ரேடார் அலையைப் பிடித்து நமக்குச் சத்தம் போட்டு எச்சரிக்கும் கருவி. புதிதாக ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிற நம் ஆட்கள் "எந்த டிடெக்டர் நல்லது, எவ்வளவு தூரத்தில் பிடிக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்த இரண்டாவது கேள்வியை மட்டும் பார்த்து வாங்கித்தான் நான் போலீஸிடம் மாட்டினேன். அதனால் நடந்ததை முழுதாக எழுதிவிடுகிறேன்.

கார் வந்த புதிதில் விலை குறைவான ஒரு டிடெக்டர் வாங்கினேன். பெட்டியில் போட்டிருந்த தூரக் கணக்கு பொய் இல்லை, நன்றாகவே பிடித்தது. ஆனால் மளிகைக்கடையின் தானாகத் திறக்கும் கதவு, மருந்துக்கடைக் கதவு, பக்கத்து லேனில் போகும் காரின் பிளைண்ட் ஸ்பாட் சென்சார் (கண்ணாடியில் தெரியாத வண்டியை ஓட்டுநருக்குக் காட்டுவது) என்று கண்டதையும் பிடித்தது. இவையெல்லாம் காவல்துறை பயன்படுத்தும் அதே 24 கிகாஹெர்ட்ஸ் பக்கம், கே பேண்ட் என்ற அலைவரிசையில் வேலை செய்பவை. ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் பதினைந்து இருபது தடவை கத்தும். ஒரு மாதத்தில் கை பழகிவிட்டது. சத்தம் வந்ததும் விரல் மியூட் பட்டனுக்குப் போகும், கண் திரும்பிக்கூடப் பார்க்காது.

அக்டோபர் மாதம், மலையில் இலைகள் நிறம் மாறுகிற சமயம். மனைவியும் நானும் ஆஷ்வில் போய்விட்டு ஐ-40 வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். பிளாக் மவுண்டனைத் தாண்டினால் ஓல்ட் ஃபோர்ட் வரைக்கும் சாலை மலையிலிருந்து இறங்கிக்கொண்டே போகும். லாரிகளுக்குத் தனி எச்சரிக்கைப் பலகைகள் வைத்திருப்பார்கள். வேக எல்லை மணிக்கு 55 மைல். ஆக்சிலரேட்டரில் கால் வைக்காவிட்டாலும் அந்த இறக்கத்தில் வேகம் ஏறும். டிடெக்டர் கத்தியது. "ஏதோ கத்துதே" என்றாள் மனைவி. "அது எப்பவும் அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே அமுக்கினேன். அடுத்த வளைவில் போலீஸ் வண்டி நின்றது. 55 எல்லையில் நான் 69.

புலி வருது கதையில் பையன் பொய் சொன்னான். என் டிடெக்டர் ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை. அது பார்த்ததையெல்லாம் சொன்னது, நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். அபராதத்தைவிட அதற்குப் பிறகு ஏறிய இன்ஷூரன்ஸ்தான் வலித்தது. அப்படிப் பார்த்தால் விலை குறைந்த டிடெக்டர்தான் எனக்கு விலை கூடியதாக முடிந்தது.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். தூரத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டியதே இல்லை. காவலரின் ரேடார் அலை நம் காரில் பட்டு மறுபடி அவரிடம் திரும்பிப் போக வேண்டும். நம் டிடெக்டருக்கு அது வந்து சேர்ந்தாலே போதும். அதனால் நேர்ச்சாலையில் சுமாரான டிடெக்டர்கூட அவர் நம் வேகத்தை அளப்பதற்கு வெகு முன்பே அறிந்துவிடும். வாங்கும்போது பார்க்க வேண்டியது, தேவையில்லாதபோது அது எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதைத்தான்.

இரண்டாவது டிடெக்டராக யூனிடென் ஆர்7 வாங்கினேன். காரணம், அதில் ஜிபிஎஸ் இருக்கிறது. ஒரு கடைக் கதவை ஒரு தடவை அடையாளம் காட்டிவிட்டால் அந்த இடத்தில் அந்த அலைக்கு மறுபடி கத்தாது. பிளைண்ட் ஸ்பாட் சென்சார்களை வடிகட்டவும் அதில் வசதி உண்டு, முழுக்க இல்லாவிட்டாலும் பெருமளவு. அப்புறம் அம்புக்குறி. சிக்னல் முன்னாலிருந்து வருகிறதா, பக்கவாட்டிலா, பின்னாலா என்று காட்டும். அம்புக்குறி என்றால் 1992 இல் சின்சினாட்டியிலிருந்து வந்த வாலண்டைன் ஒன் என்ற டிடெக்டர்தான் பழைய ஆட்களுக்கு முதலில் ஞாபகம் வரும். அதன் இரண்டாம் தலைமுறை இன்றைக்கும் அருமையான கருவி. ஆனால் அதற்குள் ஜிபிஎஸ் கிடையாது, போன் ஆப்போடு இணைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் போனைக் கட்டி இழுக்க எனக்குப் பொறுமை இல்லை. உங்களுக்கு இருந்தால் தாராளமாக வாங்குங்கள்.

கே பேண்டைத் தவிர்த்து இன்னொன்று கேஏ பேண்ட், 33.4 முதல் 36 கிகாஹெர்ட்ஸ் வரை. இதில் கத்தினால் பெரும்பாலும் நிஜம். காவல்துறை ரேடார்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் 33.8, 34.7, 35.5 என்ற மூன்று எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இவற்றின் பக்கத்தில் ஓர் எண் திரையில் வந்தால் யோசிக்காமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள்.

ஸ்போர்ட்ஸ் காரில் மாட்டுவது தனிப் பாடு. மியாட்டாவின் கண்ணாடி சின்னது, தாழ்வானது. முதலில் ரப்பர் கப்பில் ஒட்டினேன். சஸ்பென்ஷன் விறைப்பு, ஜூலை மாத வெயில் வேறு. ஒரு நாள் டெயில் ஆஃப் தி டிராகன் என்ற மலைச்சாலையில் போய்க்கொண்டிருந்தோம். 11 மைலில் 318 வளைவு, எல்லை 30 மைல். இடது வளைவு ஒன்றில் டிடெக்டர் கழன்று விழுந்து கிளட்ச் பெடலுக்குப் பக்கத்தில் உருண்டது. எதிரே மோட்டார் சைக்கிள்கள். அந்த ஐந்து விநாடியை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வியர்க்கிறது. அதற்கப்புறம் ரியர்வியூ கண்ணாடியின் தண்டில் திருகி மாட்டும் பிராக்கெட் வாங்கி, அந்தக் கண்ணாடிக்கு வரும் ஒயரிலிருந்தே மின்சாரம் எடுத்தேன். ஒயர் தொங்காது, எதுவும் விழாது. உயரமாக இருப்பதால் முன்னும் பின்னும் மறைப்பு இல்லை. துணிக் கூரை ரேடாரை மறைக்காது, அதனால் கூரை மூடியிருந்தாலும் கவலை இல்லை. கூரை திறந்திருக்கும்போது வெயிலில் திரை தெரியாது, காற்றில் சத்தம் கேட்காது. கருப்பு அட்டையில் சின்ன நிழற்கூரை செய்து திரைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன், சத்தத்தை முழுசாக ஏற்றிவைத்திருக்கிறேன். வண்டியை நிறுத்திவிட்டுப் போகும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.

அம்புக்குறி என்ன செய்யும் என்பதற்கு ஒரு இரவைச் சொல்கிறேன். யு.எஸ். 64 இல் கடற்கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். அங்கே காட்டுக்கு நடுவே இரண்டே லேன், விளக்கு கிடையாது. நான் எல்லைக்குள்தான் இருந்தேன். கேஏ, 34.7, அம்பு பின்னால். சத்தம் வேகமாக ஏறியது. கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. பழைய டிடெக்டராக இருந்தால் முன்னால் எங்கோ நிற்கிறார்கள் என்று நினைத்து அதே லேனில் போய்க்கொண்டிருப்பேன். பின்னாலிருந்து என்று தெரிந்ததால் ஓரங்கட்டி நின்றேன். அரை நிமிடத்தில் நீல விளக்கு போட்டுக்கொண்டு போலீஸ் வண்டி ஒன்று பறந்தது. ஐந்து மைல் தள்ளிப் பார்த்தால் ஒரு பிக்கப் பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்தது, அந்தப் போலீஸ்காரர் அதன் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். வேகத்துக்காக வாங்கிய பொருள் அன்றைக்கு வழி விடுவதற்கு உதவியது.

வர்ஜீனியா பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. பொங்கலுக்கு நியூஜெர்சியில் பெரியப்பா மகன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் வட கரோலினாவின் கடைசி எக்ஸிட்டில் இறங்கி டிடெக்டரைக் கழற்றி டிக்கியில் வைத்துவிடுவேன். அமெரிக்காவில் சொந்தக் காரில் டிடெக்டர் வைத்துக்கொள்ளப் பெரும்பாலான மாநிலங்களில் தடையில்லை. வர்ஜீனியாவிலும் வாஷிங்டன் டி.சி.யிலும் தடை. வர்ஜீனியாவில் அணைத்து வைத்திருந்தேன் என்று சொன்னால் மட்டும் போதாது, மின்சார இணைப்பும் இருக்கக் கூடாது, உள்ளே இருப்பவர் கைக்கு எட்டவும் கூடாது. அதோடு அங்கே எல்லைக்கு மேல் 20 மைல், அல்லது எந்தச் சாலையிலும் 85 மைலுக்கு மேல் போனால் அது சாதாரண டிக்கெட் இல்லை, கிரிமினல் குற்றம். 2,500 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறைகூட விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. விசாவில் இருப்பவர்கள் தயவுசெய்து இதை இரண்டு தடவை படியுங்கள்.

சரி, இனி நீங்கள்.

*

டல்லாஸிலிருந்து, மஸ்டாங் ஜிடி:

அண்ணா, நல்ல பதிவு. லேசர் பற்றி நான் சேர்க்கிறேன். போன வருடம் யு.எஸ். 75 இல் மேம்பாலத்தின் மேல் ஒரு போலீஸ்காரர் வேகம் அளக்கும் லேசர் துப்பாக்கியோடு நின்றார். டிடெக்டர் "லேசர்" என்று அலறியது. நான் பிரேக்கைத் தொடுவதற்குள் அவர் கையைக் காட்டி ஓரங்கட்டச் சொல்லிவிட்டார். ரேடார் மாதிரி லேசர் பரவாது. 1,000 அடி தூரத்தில்கூட அந்தக் கற்றையின் அகலம் ஏறக்குறைய மூன்றடிதான். நம் நம்பர் பிளேட்டைக் குறிவைத்து அடிப்பார்கள். டிடெக்டர் அறிகிறது என்றால் நம் மேல் பட்டுவிட்டது என்று அர்த்தம், ஒரு விநாடிக்குள் வேலை முடிந்துவிடும். எச்சரிக்கையோடு விட்டார், அது அவருடைய நல்ல மனசு.

ரேடாரிலும் இதே மாதிரி ஒரு சங்கதி உண்டு. ரேடார் துப்பாக்கியை ஆஃப் செய்தே வைத்திருந்து, வண்டி கிட்டே வந்ததும் சட்டென்று போடுவார்கள். சாலையில் நீங்கள் மட்டும் இருந்தால் டிடெக்டர் ஒன்றும் செய்ய முடியாது. முன்னால் அரை மைலில் இன்னொரு வண்டி போனால், அதை அளக்கும்போது சிதறி வரும் துணுக்கு ஒன்று உங்கள் டிடெக்டரில் "பீப்" என்று ஒரு தடவை மட்டும் கேட்கும். அந்த ஒற்றை பீப்பை அலட்சியம் செய்யாதீர்கள். நீங்கள் சொன்ன அமைதியான டிடெக்டர் இருந்தால்தான் அது காதில் விழும். இன்னொன்று, போலீஸ் லேசரை அளக்க விடாமல் குழப்பும் லேசர் ஜாமர் என்று ஒன்று விற்கிறார்கள். டெக்சஸில் அது சட்டவிரோதம். ரேடார் ஜாமர் நாடு முழுக்கக் குற்றம். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

*

ரொறன்ரோவிலிருந்து, சுபாரு பிஆர்இசட்:

வணக்கம் அண்ணை. ஒன்ராறியோவில் டிடெக்டர் பாவிப்பது மட்டும் இல்லை, காருக்குள் வைத்திருப்பதே குற்றம். பொலிஸ் கண்டால் பறிமுதல் செய்யலாம், திரும்பக் கிடைக்காது. நான் கோடையில் வாட்கின்ஸ் கிளென் ரேஸ் ட்ராக்கில் ஓட்டுவதற்காக நியூயோர்க் பக்கம் போவேன். என்னுடைய டிடெக்டர் பஃபலோவில் மச்சான் வீட்டில்தான் இருக்கிறது. பீஸ் பிரிட்ஜ் கடந்து, அவர் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு, டிடெக்டரை எடுத்துக் காரில் பூட்டிக்கொண்டு போவேன். வரும்போது அங்கேயே வைத்துவிட்டு வருவேன். ஒருமுறை மறந்துபோய்ப் பாலத்தின் வரிசையில் நிற்கும்போதுதான் கண்ணாடியில் அது இருப்பதைக் கண்டேன். கழற்றிப் பையில் போட்டாலும் சட்டப்படி பிழைதான். மெல்ல விலகித் திரும்பி மச்சான் வீட்டுக்கே போய் வைத்துவிட்டு வந்தேன், நாற்பது நிமிடம் போனது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா, அல்பர்ட்டா, சஸ்காச்சுவான் மூன்றிலும்தான் வைத்திருக்கலாம். கிழக்கே வரும் தம்பிமார் கவனம்.

*

பிட்ஸ்பர்க்கிலிருந்து, போர்ஷே கேமன்:

சார், ஒரு சந்தேகம். நீங்கள் சொன்ன மாதிரியே கண்ணாடித் தண்டில் மாட்டினேன், ஆனால் பாதித் தூரத்தில்கூடப் பிடிக்கவில்லை. கடையில் மாற்றியும் பார்த்துவிட்டேன், அதேதான். இங்கே உள்ளூர்ப் போலீஸ் சாலையில் வெள்ளைக் கோடு போட்டு, வண்டி கடக்கும் நேரத்தை வைத்து வேகம் கணக்கிடுவதையும் பார்த்திருக்கிறேன். அதற்கு எந்த டிடெக்டரும் உதவாது என்று தெரியும். ஹைவேயிலும் இப்படி இருக்கிறதே என்றுதான் கேட்கிறேன்.

*

பிட்ஸ்பர்க் நண்பருக்கு: டிடெக்டரில் கோளாறு இருக்காது என்று நினைக்கிறேன். வெப்பம் தடுக்க உலோகப் பூச்சு கொடுத்த முன்கண்ணாடியா என்று உங்கள் வண்டியின் ஆப்ஷன் பட்டியலில் பாருங்கள். அந்தப் பூச்சு ரேடாரைக் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுத்துவிடும். பல வண்டிகளில் டோல் டேக் ஒட்டுவதற்காக ரியர்வியூ கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடத்தைப் பூச்சில்லாமல் விட்டிருப்பார்கள், பெரும்பாலும் புள்ளி புள்ளியாக இருக்கும். டிடெக்டரின் முன்பக்கம் அந்த இடத்துக்கு நேராக வருகிற மாதிரி இரண்டு இஞ்ச் நகர்த்திப் பாருங்கள். வழியில் தெரிந்த ஒரு கடைக் கதவுக்கு முன்னால் நிறுத்திப் பழைய இடத்திலும் புதிய இடத்திலும் சோதித்தால் வித்தியாசம் உடனே தெரிந்துவிடும். பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள்.