ஜிங்க் மேல மஞ்சள் நிக்கல, துடைச்சா கையோட வருது. அவசரம்

கொழிஞ்சாம்பாறை மார்க்2:
அம்பாசடர் பானட் கேட்ச், பிராக்கெட், போல்ட் எல்லாத்துக்கும் வீட்லயே கரண்ட் வெச்சு ஜிங்க் (துத்தநாக) முலாம் போட்டேன். அப்புறம் மஞ்சள் பாசிவேஷன்ல (ஜிங்க்கைக் காக்க மேல படலம் போடற குரோமியம் கரைசல்) முக்கினா தங்க நிறம் வருது, துணி பட்டா போயிடுது. ஓரமெல்லாம் கருப்பு. ஞாயித்துக்கிழமைக்குள்ள மாட்டணும், யாராவது சொல்லுங்க.

வாளையார் பெஞ்ச்:
என்ன பாத் (முலாம் போடற கரைசல்)? எத்தனை ஆம்ப்ஸ்? மஞ்சள்ல எத்தனை செகண்ட்? எப்படிக் காய வெச்சீங்க?

சித்தூர் கார்பரேட்டர்:
தண்ணிதாங்க காரணம். நம்ம பக்கம் போர் தண்ணி அத்தனை உப்பு. கடைசியா அலசறதுக்கு பேட்டரி வாட்டர் எடுங்க.

பழைய பட்டறை:
தம்பி, இது இங்க பல தடவை எழுதினதுதான். படிச்சுட்டு பாத்ல கை வைக்கணும். ஓரம் கருப்புன்னா கரண்ட் அதிகம். சதுர டெசிமீட்டருக்கு 2 ஆம்ப் போதும். 10 செ.மீ. சதுரத் தகடுன்னா ரெண்டு பக்கமும் சேத்து 2 சதுர டெசிமீட்டர், ஆக 4 ஆம்ப். பரப்பு தெரியாம கரண்ட் வைக்கக் கூடாது.

கொழிஞ்சாம்பாறை மார்க்2:
குளோரைட் பாத்ண்ணா. பேட்டரி சார்ஜர், ஆம்ப்ஸ் பாக்கல. மஞ்சள்ல 2 நிமிஷம். ஹாட் ஏர் கன்ல காய வெச்சேன்.

வாளையார் பெஞ்ச்:
அப்ப தண்ணி இல்லைங்க, கன்தான். மஞ்சள் படலம் மொதல் நாள் கூழ் மாதிரி இருக்கும், இறுக 24 மணி நேரம் ஆகும். 60 டிகிரிக்கு மேல சூடு பட்டா வெடிச்சுப் பொடியா வந்துடும். 2 நிமிஷமும் ரொம்ப அதிகம். அது ஆசிட் கரைசல், ஜிங்க்கையே தின்னுட்டு தடிமனா, ஒட்டாம உக்காரும்.
பிளேட்டிங் முடிஞ்சு அலசினதும் 0.5% நைட்ரிக்ல 5 செகண்ட். மறுபடி அலசி மஞ்சள்ல 15 முதல் 30 செகண்ட், ஆட்டிக்கிட்டே. பச்சைத் தண்ணில அலசி, கம்பில தொங்க விட்டு ஃபேன் காத்து மட்டும். மறுநாள் வரைக்கும் கை படக் கூடாது. கெட்டுப்போன துண்டுக மேலயே திரும்ப முக்காதீங்க. நீர்த்த ஹைட்ரோகுளோரிக்ல ஜிங்க்கோட சேத்து எடுத்துட்டு புதுசா போடுங்க.
கேட்ச் ஸ்பிரிங்கையும் போட்டீங்களா?

கொழிஞ்சாம்பாறை மார்க்2:
ஆமா, எல்லாத்தையும் சேத்துத்தான்.

வாளையார் பெஞ்ச்:
ஸ்பிரிங்கை மாட்டாதீங்க. ஆசிட்லயும் பிளேட்டிங்லயும் ஹைட்ரஜன் உள்ள ஏறி, மாட்டினப்புறம் பட்டுனு ஒடியும். அந்த ஹைட்ரஜனை வெளியேத்த, பிளேட்டிங் முடிஞ்ச ஒரு மணி நேரத்துக்குள்ள ஓவன்ல 200 டிகிரி, கொறஞ்சது 4 மணி நேரம். மஞ்சள் அதுக்கு அப்புறம்தான். இந்த ஸ்பிரிங்குக்கு நேரம் தாண்டிடுச்சு, புதுசு வாங்குங்க.

பழைய பட்டறை:
பிரிட்டிஷ் டிசைன் வண்டில அந்தக்கால போல்ட் பலதும் கேட்மியம் முலாம். மஞ்சள் ஜிங்க்க ஒரிஜினல்னு சொல்லிக்க முடியாது.

சித்தூர் கார்பரேட்டர்:
கேட்மியம் விஷம், சயனைடு பாத் வேற. வீட்ல யாரும் தொடக் கூடாது. ஜிங்க் மேல வெளிர் நீல பாசிவேஷன் போட்டா கண்ணுக்கு அதே மாதிரிதான் இருக்கும்.

பழைய பட்டறை:
கண்ணுக்கு இருக்கறதும் ஒரிஜினலும் வேற வேற. நான் போடச் சொல்லல, பேரைச் சரியாச் சொல்லச் சொல்றேன்.

சித்தூர் கார்பரேட்டர்:
விஷம்னதும் ஞாபகம் வருது. அந்த மஞ்சள் கரைசலும் ஆறு வேலன்ஸ் குரோமியம். எங்க ஊத்தறீங்க? கெணத்தடில ஊத்திடாதீங்க, கும்பிட்டுக் கேக்கறேன். வெளிக் காத்துல வெச்சு, ஆசிட்டாவே இருக்கறப்ப சோடியம் மெட்டாபைசல்ஃபைட் போடுங்க. மஞ்சள் போய் பச்சையாகும். அப்புறம் சுண்ணாம்பு சேத்து பிஹெச் 8, 9க்கு ஏத்தினா சேறா அடியில படியும். அந்தச் சேத்தையும் மண்ணுல கொட்டாம, கழிவு சுத்திகரிப்பு இருக்கற பிளேட்டிங் பட்டறைல குடுங்க. க்ளவுஸ் இல்லாம எதையும் தொடாதீங்க.

கொழிஞ்சாம்பாறை மார்க்2:
3 ஆம்ப், 25 செகண்ட், ஃபேன் காத்து. பிராக்கெட் நிறம் நின்னுடுச்சு, ஓரமும் சுத்தம். ஸ்பிரிங் புதுசு சொல்லியாச்சு. கரைசல் கேன்ல மூடி வெச்சிருக்கேன், மெட்டாபைசல்ஃபைட் வாங்கணும்.