மூன்றாவது மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’, மதர்போர்டில் விஜிஏ இருந்தும் படம் வரவில்லை

திண்டுக்கல் கணக்கு:
வணக்கம். வீட்டிலிருந்தே சில கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தது: இன்டெல் ஐ5 12-ஆம் தலைமுறை, எச்610 மதர்போர்டு, 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, விண்டோஸ் 11. கார்டின் எச்டிஎம்ஐயில் 22 இன்ச் மானிட்டர், டிஸ்ப்ளே போர்ட்டில் 24 இன்ச், இரண்டும் நன்றாக ஓடுகின்றன. ஒன்றில் டேலி, இன்னொன்றில் எக்செல். 20-ஆம் தேதி நெருங்கினால் 3பி ரிட்டர்ன் போடுவதற்கு ஜிஎஸ்டி போர்ட்டலையும் திறந்து வைக்க வேண்டியிருக்கிறது, ஆல்ட்-டேப் அடித்தே விரல் தேய்கிறது. அதனால் பரணில் கிடந்த பழைய 19 இன்ச் சதுர மானிட்டரை (பழைய அனலாக் இணைப்பான விஜிஏ மட்டும்தான் உண்டு) இறக்கி, மதர்போர்டில் இருக்கும் நீல நிற விஜிஏ போர்ட்டில் மாட்டினேன். ‘நோ சிக்னல்’ என்று காட்டிவிட்டு அணைந்துவிடுகிறது. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ‘டிடெக்ட்’ அழுத்தினால் வேறு டிஸ்ப்ளே எதுவும் இல்லை என்கிறது. பயாஸில் (விண்டோஸ் ஏறும் முன் திறக்கும் செட்டிங்ஸ்) ‘ஐஜிபியு மல்டி மானிட்டர்’ என்று ஒன்று இருக்கும், கார்டோடு பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸையும் ஓட வைப்பது அது, அதை எனேபிள் செய் என்றார் நண்பர். அப்படி எதுவும் என் கண்ணில் படவில்லை. மச்சான் வீட்டுக் கம்ப்யூட்டரில் இதே மானிட்டரும் இதே கேபிளும் வேலை செய்கின்றன.

சும்மா வந்தவன்:
எதுக்கு சார் இவ்வளவு கஷ்டம், எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் ஒன்று வாங்கிப் போடுங்கள், ஒன்று உள்ளே போய் இரண்டாக வெளியே வரும்.

கேபிள் சித்தப்பா:
ஸ்ப்ளிட்டர் வேண்டாம். ஒரே படத்தைத்தான் அது இரண்டு திரையிலும் காட்டும். கல்யாண மண்டபத்தில் நாலு டிவி வைத்து முகூர்த்தத்தைக் காட்டுவதற்கு அதுதான் சரி, இவருக்கு வேண்டியது தனித்தனி டெஸ்க்டாப்.
திண்டுக்கல்காரரே, ‘ஐ5 12-ஆம் தலைமுறை’ என்றால் போதாது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் சிபியு. வலது மேல் மூலையில் இருக்கும் பெயரை அப்படியே எழுதுங்கள், கடைசி எழுத்து உட்பட.

திண்டுக்கல் கணக்கு:
ஐ5-12400எஃப்.

கேபிள் சித்தப்பா:
அந்த எஃப்தான் விஷயம். இன்டெல்லில் எஃப் என்று முடியும் பிராசஸர்களுக்குள் கிராபிக்ஸ் கிடையாது, கொஞ்சம் விலை குறைவு. மதர்போர்டின் பின்னால் இருக்கும் விஜிஏ, எச்டிஎம்ஐ எல்லாம் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்கான வாசல்கள், போர்டு தானாகப் படம் எதையும் உருவாக்காது. எந்த பிராசஸர் போட்டாலும் போர்டு ஒன்றுதான் என்பதால் போர்ட்டுகள் இருக்கத்தான் செய்யும், உள்ளே அனுப்ப ஆள் இல்லை. பயாஸில் தேடியும் பயனில்லை, டிரைவர் மாற்றியும் பயனில்லை. உங்களிடம் வெறும் 12400 இருந்திருந்தால் நண்பர் சொன்ன வழியே போதும்.
கவலை வேண்டாம், ஜிடிஎக்ஸ் 1650 ஒரே நேரத்தில் மூன்று மானிட்டரைத் தாங்கும். கார்டில் மூன்றாவது போர்ட் எது?

திண்டுக்கல் கணக்கு:
அட, அசெம்பிள் செய்த கடைக்காரர் இதைச் சொல்லவே இல்லை. கார்டில் வெள்ளையாக அகலமாக ஒன்று இருக்கிறது, டிவிஐ என்று நினைக்கிறேன். பழைய கார்டோடு வந்த டிவிஐ-விஜிஏ கன்வெர்ட்டர் கைவசம் உண்டு, ஆனால் உள்ளே இறங்க மறுக்கிறது. அழுத்திப் பார்க்கலாமா?

கேபிள் சித்தப்பா:
அழுத்தாதீர்கள்! பின் வளைந்துவிடும். கன்வெர்ட்டரைத் திருப்பிப் பாருங்கள்: தட்டையான பட்டை ஒன்று இருக்கும், அதற்கு மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு சின்ன பின்கள். அனலாக் சிக்னல் அந்த நான்கில்தான் போகும். உங்கள் கார்டில் பட்டைக்கு இடம் இருக்கும், அந்த நான்குக்கும் துளை இருக்காது. அது டிவிஐ-டி, டிஜிட்டல் மட்டும். 2016-ல் ஜிடிஎக்ஸ் 10 வரிசை வந்தபோதே இந்தக் கார்டுகளில் அனலாக் போய்விட்டது.
டிவிஐ-டியிலிருந்து விஜிஏவுக்குச் சிப் வைத்த ஆக்டிவ் கன்வெர்ட்டர் இருக்கிறது. ஆனால் நானாக இருந்தால் அதைத் தேடி அலைய மாட்டேன், எல்லாக் கடையிலும் கிடைக்காது. இப்படிச் செய்யுங்கள்: இப்போது எச்டிஎம்ஐயில் இருக்கும் 22 இன்ச்சை ஒரு டிவிஐ–எச்டிஎம்ஐ கேபிள் போட்டு டிவிஐக்கு மாற்றுங்கள். அது வெறும் கேபிள்தான், சிப் தேவையில்லை, ஏனென்றால் இரண்டிலும் படம் போகும் முறை ஒன்றே. 1080பி 60 ஹெர்ட்ஸ் தாராளமாக வரும். காலியாகும் எச்டிஎம்ஐயில், செல்போன் கடையில்கூடக் கிடைக்கும் எச்டிஎம்ஐ–விஜிஏ கன்வெர்ட்டரை மாட்டிப் பழைய மானிட்டரைச் சேருங்கள். பக்கத்தில் மைக்ரோ யுஎஸ்பி துளை வைத்த கன்வெர்ட்டராகப் பார்த்து வாங்குங்கள், சில நேரம் எச்டிஎம்ஐ தரும் மின்சாரம் போதாமல் திரை விட்டுவிட்டு வரும். வாங்கும்போது திசையைக் கவனியுங்கள். விஜிஏவிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் பெட்டியும் அதே ரேக்கில் தொங்கும், பார்க்க அண்ணன் தம்பி போலவே இருக்கும், உங்களுக்கு உதவாது.

கோவை தறி:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது ஆப்பிளின் எம்1 சிப் உள்ள மேக்புக் ஏர். இரண்டு எச்டிஎம்ஐ உள்ள யுஎஸ்பி-சி ஹப் வாங்கினேன், இரண்டு மானிட்டரிலும் ஒரே படம்தான் வருகிறது. ஹப் பழுதா?

ஸ்க்ரூடிரைவர்:
ஹப்பில் பழுது இல்லை. எம்1, எம்2 ஏர் இரண்டுமே வெளியே ஒரு மானிட்டரைத்தான் தரும். எம்3 ஏர் மூடியை மூடி வைத்தால் இரண்டு தரும், எம்4-ல் மூடியைத் திறந்து வைத்தபடியே இரண்டு. போதாததற்கு, அந்த மாதிரி ஹப்கள் எம்எஸ்டி என்ற முறையில் ஒரு கேபிளை இரண்டாகப் பிரிக்கின்றன. விண்டோஸ் லேப்டாப்பில் அது தனித்தனியாக வரும், மேக்ஓஎஸ்ஸில் ஒரே படம்தான். உங்களுக்குப் பரவலாகக் கிடைக்கும் வழி டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ள டாக் (ஹப் மாதிரியே யுஎஸ்பியில் மாட்டும் பெட்டி). அதற்குத் தனி மென்பொருள் போட்டு, ஸ்கிரீன் ரெக்கார்டிங் அனுமதி கொடுக்க வேண்டும். அனுமதி கேட்டதும் பயந்துவிடாதீர்கள், திரையைப் பிடித்து யுஎஸ்பி வழியாக அனுப்புவதுதான் அதன் வேலையே. ஓடிடி படம் போட்டால் கறுப்பாகத் தெரியலாம், அதுவும் இதனால்தான். எக்செல், மெயிலுக்கு எந்தக் குறையும் இல்லை. வீடியோ எடிட்டிங் செய்பவர் என்றால் அந்தக் காசைச் சேர்த்துவைத்து மெஷினை மாற்றுவது மேல்.

திண்டுக்கல் கணக்கு:
சித்தப்பா, மூன்றும் வந்துவிட்டன! நன்றி. மூன்று சில்லறைச் சந்தேகம். பழைய மானிட்டரில் எழுத்து மங்கலாக, ஓரம் வெட்டுப்பட்டு வருகிறது. அதோடு அந்த மானிட்டர் இடது பக்கம் இருக்கிறது, மவுஸ் அம்பை வலது பக்கம் தள்ளினால்தான் அதற்குள் போகிறது. 22 இன்ச்சின் ஸ்பீக்கரிலும் சத்தம் இல்லை.

கேபிள் சித்தப்பா:
டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 1, 2, 3 என்று பெட்டிகள் தெரியும். ‘ஐடென்டிஃபை’ அழுத்தினால் எந்தத் திரை எந்த எண் என்று காட்டும். மேஜையில் எப்படி வைத்திருக்கிறீர்களோ அதே மாதிரி பெட்டிகளை இழுத்து அடுக்கிவிட்டு அப்ளை கொடுங்கள், உயரத்தையும் சேர்த்துச் சரி செய்யுங்கள், இல்லாவிட்டால் அம்பு மூலையில் முட்டி நிற்கும். அப்புறம் பழைய மானிட்டரின் பெட்டியைத் தேர்ந்தெடுத்து ரெசல்யூஷன் பாருங்கள், 1024×768-ல் நின்றிருக்கும். 19 இன்ச் சதுரத்துக்கு 1280×1024. அதன் பிறகு அந்தத் திரை முழுக்க வெற்று நோட்பேடைத் திறந்து வைத்துக்கொண்டு மானிட்டரில் இருக்கும் ‘ஆட்டோ’ பட்டனை அழுத்துங்கள். வெள்ளைத் திரையாக இருந்தால்தான் ஓரம் எங்கே முடிகிறது என்று அதற்குப் பிடிபடும்.
சத்தம்: டிவிஐ வழியாக வந்தாலும் வரும், வராமலும் போகும். 24 இன்ச்சில் ஸ்பீக்கர் இருந்தால் டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் ஐகானை அழுத்தி, வால்யூம் பட்டைக்குப் பக்கத்து அம்புக்குறியில் அதைத் தேர்ந்தெடுங்கள், டிஸ்ப்ளே போர்ட் சத்தத்தையும் கொண்டுபோகும்.

திண்டுக்கல் கணக்கு:
எழுத்து பளிச்சென்று ஆகிவிட்டது, அம்பும் ஒழுங்காகப் போகிறது. 600 விஏ யுபிஎஸ் மூன்றையும் தாங்குமா?

ஸ்க்ரூடிரைவர்:
அந்த அளவு யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரை தரும். டேலி, எக்செல் வேலைக்கு உங்கள் கம்ப்யூட்டரும் மூன்று மானிட்டரும் சேர்ந்து அதற்குள் அடங்கிவிடும். ஆனால் கரண்ட் போனால் பேட்டரி நிற்கும் நேரம் குறையும். பழைய மானிட்டர் பெரும்பாலும் எல்இடி அல்ல, உள்ளே குழல் விளக்கு, எல்இடியைவிடக் கொஞ்சம் அதிகமாக இழுக்கும். அதை மட்டும் நேராகச் சுவர் பிளக்கில் போடுங்கள்.