தீபா கல்யாணம் – நம்ம வீடு மட்டும்

*அம்மா:* மெத்தைக் கடைக்காரர் சாயங்காலம் 5 மணிக்குள்ள சொல்லச் சொல்றாரு. சீர் மெத்தையோட 4 தலையணை. உறை மெரூன் கலர் சாட்டின்ல செட்டாவே வருதாம். சரின்னு சொல்லிரட்டுமா?

*சரசு அத்தை:* வேண்டாம்

*கோபி பெரியம்மா:* மெரூன் நல்லாத்தான் இருக்கும். அழுக்குத் தெரியாது

*சுகன்யாக்கா:* அழுக்குத் தெரியாததுதான் வம்பே. தீபாவுக்கு ஏற்கனவே நெத்தியெல்லாம் பரு. தெரியலைன்னா பத்து நாள் மாத்த மாட்டா

*பிரபு:* குரூப்ல 14 பேருக்கும் அறிவிச்சாச்சு. நன்றி அக்கா

*தீபா:* டேய்

*கரூர் சித்தப்பா:* அக்கா, சாட்டின்ங்கறது நூலோட பேர் இல்லைங்க, நெசவோட பேரு. பாவு நூல், அதாவது நீளவாக்குல போற நூல், நாலு ஊடைக்கு, அதாவது குறுக்கு நூலுக்கு, மேல மிதந்து போயி அஞ்சாவதுக்கு அடியில இறங்கும். மேல மிதக்கற நூல்தான் வழவழப்பும் மினுமினுப்பும். இதையே பருத்தியிலயும் நெய்யலாம், பட்டுலயும் நெய்யலாம், பாலியஸ்டர்லயும் நெய்யலாம். மெத்தையோட செட்டா வர்றது பெரும்பாலும் பாலியஸ்டர். வேர்வையை உறிஞ்சாது, கன்னத்துலயே நிக்கும். நம்ம புள்ள போறது சென்னைக்கு. அந்த வேக்காட்டுல அதுல தலை வெக்க முடியாதுங்க.

*பிரபு:* ஏசி இருக்குமில்ல

*கோபி பெரியம்மா:* ஏசியும் நாமதான் குடுக்கறமா

*அம்மா:* அது இங்க வேண்டாம்க்கா

*கரூர் சித்தப்பா:* பாலியஸ்டரா இல்லையான்னு கடையில கேக்கவே வேண்டாம். உள்தையல்ல ரெண்டு நூல் உருவி, இடுக்கியில புடிச்சுக் கொளுத்திப் பாருங்க. பருத்தின்னா காயிதம் எரியற வாசம், சாம்பல் பூ மாதிரி உதிரும். பட்டுன்னா முடி கருகற நாத்தம், கருப்பா உருண்டு விரல்ல நசுக்குனா பொடியாகும். பாலியஸ்டர் உருகிச் சொட்டும், ஆறுனா கல்லு மாதிரி கெட்டியாயிரும்.

*பிரபு:* கடைக்குள்ளயே கொளுத்தலாமா சித்தப்பா

*கரூர் சித்தப்பா:* வெளிய வந்து கொளுத்து

*தீபா:* எனக்கு முடிக்கு நல்லதா வேணும். காலையில எந்திரிச்சா ஒரு பக்கம் சிக்கு சிக்கா இருக்கு. பட்டு உறை போட்டா முடி கொட்டாதுன்னு சொல்றாங்க

*சுகன்யாக்கா:* கொட்டறது வேற, உடையறது வேற டி. வேரோட வர்றதுக்கும் உறைக்கும் சம்பந்தமில்ல, அதுக்கு ரத்தத்துல இரும்பும் தைராய்டும் பாக்கணும். பாதியில அறுந்து வர்றதுதான் உரசல். சுருட்ட முடிக்கு உரசல் ஜாஸ்தி. அதுக்குத்தான் வழவழப்பான துணி உதவும். ஈரத்தலையோட படுக்காத. தளர்வா ஒரு பின்னல் போட்டுப் படு. பாதி சிக்கு அதுலயே போயிரும்.

*கோபி பெரியம்மா:* பட்டுதானே வேணும். பழைய பட்டுப்புடவை ஒண்ணை வெட்டித் தெச்சுட்டாப் போச்சு. வீட்ல சும்மாதான் கெடக்குது

*அம்மா:* எந்தப் பட்டு?

*அம்மா:* அம்மாயியோட அரக்குப் பட்டா?

*கோபி பெரியம்மா:* இந்தச் செய்தி நீக்கப்பட்டது

*சரசு அத்தை:* நான் படிச்சுட்டேன்

*பிரபு:* 🍿

*கரூர் சித்தப்பா:* புடவைப் பட்டு இதுக்கு ஆகாதுங்க. அது முறுக்கேத்துன நூல், விறைப்பா இருக்கும். முந்தியிலயும் கரையிலயும் ஜரிகை, கன்னத்தைக் கீறிரும், முடியும் மாட்டும். கட்டுன புடவையை அடிக்கடி தொவைக்கறதில்ல, உறையை வாரா வாரம் தொவைக்கணும். அரக்குச் சாயம் கூடவே வந்துரும். உறைக்குன்னு வர்ற பட்டு வேற. மல்பரி பட்டு, சாட்டின் நெசவு, 19 மோமியோ 22 மோமியோ போட்டிருக்கும். மோமிங்கறது எடைக் கணக்கு. ஒரு மோமி சதுர மீட்டருக்கு 4.34 கிராம். 16க்குக் கீழ போனா சீக்கிரம் நைஞ்சு போகும்.

*பிரபு:* ஒரு மம்மியவே சமாளிக்க முடியல, 22 ஆ

*அம்மா:* உனக்கு வேலை இல்லையா. பந்தல்காரருக்குப் போன் பண்ணியா?

*பிரபு:* பண்றேன்

*சுகன்யாக்கா:* பட்டு வாங்குனா, சுத்தப் பட்டுக்குக் குடுக்கற சில்க் மார்க் முத்திரை பாத்து வாங்கு. ஆனா அது ரோஷம் புடிச்ச சாமான். சாதா சோப்புத்தூள் காரம், அதுல இருக்கற என்சைமும் பட்டை அரிச்சுரும். பச்சைத் தண்ணி, பட்டுக்குன்னு இருக்கற லிக்விட், முறுக்காம பிழியணும், நிழல்ல காயப் போடணும். தலைக்கு எண்ணெ வெச்சுட்டு அதுல படுத்தா கறை போகவே போகாது. எண்ணெ வெக்காத நாளைக்கு மட்டும் ஒண்ணு வெச்சுக்கோ, போதும்.

*தீபா:* அப்ப பருவுக்கு?

*சுகன்யாக்கா:* பருவுக்கு எந்தத் துணிங்கறதை விட எத்தனை நாளைக்கு ஒருக்கா மாத்தறேங்கறதுதான். நெத்தி ஓரத்துல வர்றது முக்கால்வாசி தேங்காயெண்ணெ. ராத்திரி எண்ணெ வெக்கறதை விட்டுரு, வெச்சா மேல ஒரு துண்டு விரிச்சுக்கோ. ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா உறையை மாத்து, ஆளுக்கு நாலு உறையாச்சும் வேணும். அப்புறம் உன் பரு மருந்துல பென்சாயில் பெராக்சைடு இருக்கு. அது கலர் துணியை வெளுத்து ஆரஞ்சுத் திட்டு ஆக்கும். மெரூன் ரெண்டே வாரத்துல புள்ளி மான் ஆயிரும். வெள்ளை எடு.

*அம்மா:* சீருக்கு வெள்ளையா? அவங்க வீட்ல என்ன நினைப்பாங்க

*கோபி பெரியம்மா:* வெள்ளை வேண்டாம். மஞ்சப் பூசுன முகத்தோட படுப்பா, கறை ஆகும்

*சரசு அத்தை:* மஞ்சக் கறைக்குப் பயப்பட வேண்டாம். சோப்புப் பட்டதும் சிவப்பாகும், அதைப் பாத்து எல்லாரும் பதறி ப்ளீச் ஊத்தறாங்க. நல்லா அலசி ரெண்டு நாள் வெயில்ல போடு, தானா வெளுத்துரும்

*சரசு அத்தை:* தலையணை அளவு என்ன? 17க்கு 27 ஆ? யாராவது அளந்து சொல்லுங்க

*பெரியப்பா:* இலவம்பஞ்சா ஃபைபரா

*அம்மா:* இலவம்பஞ்சுதான் சொல்லிருக்கோம்

*பெரியப்பா:* தலையணையைத் தண்ணியில நனைக்கக் கூடாது. கட்டி கட்டியாயிரும். வெயில்ல மட்டும் போடணும்

*பிரபு:* சித்தப்பா இங்க ஆன்லைன்ல 1000 நூல் எண்ணிக்கைன்னு ஒண்ணு இருக்கு. எகிப்துப் பருத்தியாம்

*கரூர் சித்தப்பா:* ஏமாறாத. நூல் எண்ணிக்கைன்னா ஒரு சதுர இஞ்ச்ல பாவும் ஊடையும் சேத்து எத்தனைங்கறது. நம்பர் கூடக்கூட நூல் மெல்லிசு. 40ஆம் நம்பர் நூல்ல பாவு 110, ஊடை 90 போட்டா 200. 60ஆம் நம்பர்ல 300 வரும். 400 வரைக்கும் ஒத்தை நூல்லயே நல்லா நெய்யலாம். 1000ங்கறது மெல்லிசு நூலை ரெண்டு மூணாச் சேத்து முறுக்கிட்டு, ஒவ்வொண்ணையும் தனித்தனியா எண்ணறது. துணி கனமாகும், காத்துப் போகாது. நான் சொல்றது 60ஆம் நம்பர், 300, பருத்தி சாட்டின். சாதா நெசவை விட வழவழப்பு, முடிக்கு ஆகும். வேர்வையும் உறிஞ்சும். ஒரே குறை, மேல மிதக்கற நூல் வளையல்ல மாட்டுனா இழுத்துரும். சுருக்கமே விழாதுன்னு போட்டிருந்தா எடுக்காதீங்க. பிசின் பூசுனது, அதுல ஃபார்மால்டிஹைடுங்கற ரசாயனம் இருக்கும். சிலருக்குக் கழுத்துல அரிப்பு வரும்.

*தீபா:* மூங்கில் துணி?

*கரூர் சித்தப்பா:* மூங்கிலைக் கூழாக்கி மருந்துல கரைச்சு இழுத்த விஸ்கோஸ் அது. மெதுவாத்தான் இருக்கும், குளுகுளுன்னு இருக்கும். நனைஞ்சா பலம் போயிரும், மெஷின்ல போட்டு அடிச்சா ஒரு வருசத்துல நைஞ்சுரும்.

*சரசு அத்தை:* பழைய வேட்டியை விட மெதுவான துணி எதுவுமே இல்ல. ஆனா சீருக்கு வெக்க முடியாது

*கோபி பெரியம்மா:* எந்தத் துணியானாலும் கஞ்சி போட்டா நல்லா நிக்கும்

*சரசு அத்தை:* உறைக்குக் கஞ்சி போடாதீங்க. மூஞ்சி உரசும், முடி சிக்கும்

*கோபி பெரியம்மா:* 40 வருசமா போடறோம்

*சுகன்யாக்கா:* அம்மா ப்ளீஸ்

*சரசு அத்தை:* மல்லிகா, துணி மட்டும் வாங்கிக் குடு, நான் தெச்சுத் தர்றேன். 17க்கு 27ன்னா ஒரு உறைக்கு 20 இஞ்ச் அகலம், 64 இஞ்ச் நீளம் வெட்டணும். முன்னும் பின்னும் 28, உள்மடிப்பு 6, ஓரம் மடிக்க ரெண்டு பக்கமும் ஒவ்வொரு இஞ்ச். ஜிப்பு, பட்டன் எதுவும் வேண்டாம், மடிப்பு உறையே போதும். 44 இஞ்ச் அகலத் துணி ஒண்ணே முக்கா மீட்டர்ல ரெண்டு உறை வரும். வெட்டறதுக்கு முன்னாடி ராத்திரி பூரா தண்ணியில போட்டு வெக்கணும். மில்லுக் கஞ்சியும் போகும், சுருங்கறதும் சுருங்கிரும். நனைக்காம தெச்சா மொதத் தொவையல்லயே தலையணை பிதுங்கும்

*அம்மா:* சரிங்க நங்கையா. எத்தனை உறை?

*சரசு அத்தை:* 8

*சுகன்யாக்கா:* 8 வெள்ளை. வேணும்னா சபைக்கு மட்டும் 2 கலர்

*கோபி பெரியம்மா:* மெரூன்

*தீபா:* லேசான ரோஸ் இருக்கா சித்தப்பா

*கரூர் சித்தப்பா:* பாக்கறேன் சாமி. சாயத் துணின்னா வாங்குனதும் வெள்ளைத் துணியை நனைச்சுத் தேச்சுப் பாரு. சாயம் ஒட்டுனா வேண்டாம்

*அப்பா:* கடைல இருக்கேன். தலையணை அளந்தாச்சு. 20க்கு 30

*சரசு அத்தை:* அய்யோ. அப்ப 44 அகலம் ஆகாது. ஒரு உறைக்கே 23 அகலம், 70 நீளம் வேணும். 58 இஞ்ச் அகலத் துணி பாருங்க, ரெண்டு உறைக்கு 1.9 மீட்டர்

*அம்மா:* சின்னத் தலையணை இல்லையாங்களா? கடைக்காரர்கிட்ட அந்த மெரூன் சாட்டின் செட் வேண்டாம்னு சொல்லிட்டீங்களா?

*அப்பா:* டீ சாப்புட்டுட்டு இருக்காரு. வரட்டும்

*கரூர் சித்தப்பா:* 58 அகலத்துல வெள்ளை கெடைக்கும். ரோஸ் திங்கக்கெழமை பாத்துச் சொல்றேன்

*பிரபு:* பந்தல்காரர் போன் எடுக்கல

*அம்மா:* அக்கா, அந்த அரக்குப் பட்டு

*கோபி பெரியம்மா:* ஊருக்கு வரும்போது பேசிக்கலாம் மல்லிகா